வெயிலுக்கு ஒரு பேரேடு

மழைக்குக் கணக்கு உண்டு. காலை எட்டரை மணிக்கு மழைமானியில் அளந்தது மறுநாள் நாளிதழில் ஊர்ப்பெயரோடு வந்துவிடும். வெயிலுக்கு அந்த மரியாதை கிடையாது. இன்று இத்தனை டிகிரி என்று செய்தியில் சொல்வது காற்றின் வெப்பத்தை; அதுவும் வெயிலே படாத வெள்ளை மரக்கூண்டுக்குள் தொங்கும் வெப்பமானி காட்டும் எண்ணை. சூரியன் அன்று எத்தனை மணி நேரம் முகம் காட்டியது என்பது அந்த எண்ணில் இல்லை. மேகம் மூடிப் புழுங்கும் ஜூன் மாத நாளில் வெப்பமானி ஏறி நிற்கும், போட்ட வற்றல் காயாது. பிப்ரவரியில் வெப்பமானி இறங்கியிருக்கும், வற்றல் ஒரே நாளில் கலகலவென்று ஆகிவிடும்.

செட்டிநாட்டில் இந்தக் குறை இருப்பது விநோதம்தான். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்து, காலணா வரவைக்கூடப் பேரேட்டில் ஏற்றாமல் விடாத நகரத்தாரின் ஊர்கள் இவை. இங்கே வெயிலை நம்பி நடக்கும் வேலைகளுக்கோ பஞ்சமில்லை. முற்றத்தில் காயும் வடகமும் மிளகாயும், கண்டாங்கிச் சேலைக்குச் சாயம் தோய்த்த நூல், தண்ணீரில் ஊறி வெளியே வந்து காயும் ஆத்தங்குடிக் கல், இப்போது மொட்டை மாடிகளில் ஏறிவிட்ட சோலார் பலகை. இத்தனையும் வெயிலில் நடக்க, "போன வருஷம் புரட்டாசியில் வெயில் குறைவு" என்று யாராவது சொன்னால் அதைச் சரிபார்க்க வீட்டில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

வெயிலைப் பதிந்துவைக்கும் ஒரு கருவியை வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா? முடியும். 170 ஆண்டுகளாக மனிதர்கள் செய்து வருகிறார்கள். ஆனால் இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளைப் பார்த்து இறங்குகிறவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் மெனக்கெடுகிறார்கள். வெளிச்சத்தை உணரும் பொருள் ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. கஷ்டம் அதில் இல்லை. எதை வெயில் என்று எண்ணுவது என்று முடிவு செய்வதில்தான் இருக்கிறது. வெயிலைப் பதியும் கருவிகளின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

உலக வானிலை அமைப்பு வகுத்த விதிப்படி, சூரியனிலிருந்து நேராக வரும் கதிரின் வலிமை சதுர மீட்டருக்கு 120 வாட்டைத் தாண்டினால் அந்த நிமிடம் வெயில் நிமிடம். தாண்டாவிட்டால் இல்லை. வளிமண்டலத்துக்கு வெளியே சூரியக் கதிரின் வலிமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1361 வாட் என்பதோடு ஒப்பிட்டால் இந்த எல்லை எவ்வளவு தாழ்வானது என்று தெரியும். மெல்லிய மேகத்தின் பின்னால் சூரியன் வெள்ளிக்காசாகத் தெரியும்போது தரையில் மங்கலாக ஒரு நிழல் விழுமே, ஏறக்குறைய அதுதான் 120 வாட். இதில் கவனிக்க வேண்டிய சொல் 'நேராக' என்பது. வானம் முழுவதும் சிதறிப் பரவி வரும் ஒளி எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது. நிழல் விழுந்தால் வெயில், விழாவிட்டால் வெறும் வெளிச்சம். இதை மறந்த கருவிகள்தான் பின்னால் தடுமாறுகின்றன.

முதலில் பேர்பெற்ற கருவியைச் செய்தவர் விஞ்ஞானி அல்லர். ஜான் பிரான்சிஸ் கேம்பல் ஸ்காட்லாந்தின் மலைநாட்டு நாடோடிக் கதைகளைத் தொகுத்தவர். அந்தத் தொகுப்புக்காகத்தான் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். 1853இல் அவர் ஒரு மரக்கிண்ணத்துக்குள் கண்ணாடி உருண்டையை வைத்தார். உருண்டை வெயிலைக் குவிக்க, கிண்ணத்தின் உட்புறம் கருகியது. சூரியன் நகர நகரக் கருகலும் நகர்ந்து கோடாகியது. மேகம் மறைத்த நேரத்தில் கோடு அறுந்தது. மின்சாரம் வேண்டாம், கடிகாரம் வேண்டாம், சூரியனே பேனா. 1879இல் இயற்பியலாளர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் மரக்கிண்ணத்தை எடுத்துவிட்டு உலோகக் கிண்ணத்தைப் பொருத்தினார். அதில் நாளுக்கொரு அட்டையைச் செருகி மாலையில் எடுத்துவிடலாம். பருவத்துக்கு ஏற்ப மூன்று வகை அட்டை. கேம்பல்–ஸ்டோக்ஸ் கருவி என்ற பெயரில் உலகத்தின் வானிலை நிலையங்களில் அது ஒரு நூற்றாண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தது.

இந்தக் கருவி மீது எனக்குப் பிரியம் அதிகம், ஆனால் அதன் சாட்சியத்தை முழுதாக நம்ப முடியாது. அட்டை கருக எவ்வளவு வெயில் வேண்டும் என்பது அட்டை காய்ந்திருக்கிறதா, பனியில் நமுத்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. சதுர மீட்டருக்கு 70 வாட் முதல் 280 வாட் வரை இந்த எல்லை ஊசலாடும் என்று கண்டிருக்கிறார்கள். துண்டு மேகங்கள் ஓடும் நாளில் இன்னொரு கோளாறு. ஒரு நிமிடமே எட்டிப் பார்த்த சூரியன் கருக்கும் புள்ளி இரண்டு மூன்று நிமிட அகலத்துக்குப் பரவும். அப்படிப் பல புள்ளிகள் ஒட்டிக்கொண்டால் அரைகுறை வெயில் நாள் முழு வெயில் நாளாகப் பதிவாகும். தென்மேற்குப் பருவக் காலத்தில் பிற்பகலில் மேகம் திரண்டும் கலைந்தும் விளையாடுகிற சிவகங்கைச் சீமைக்கு இது சின்னக் குறையல்ல. 1962இல் உலக வானிலை அமைப்பு ஒரு குறிப்பிட்ட கேம்பல்–ஸ்டோக்ஸ் மாதிரியைத் தரக்கருவியாக அறிவித்து நாடுகளுக்குள் ஒப்புமை கொண்டுவரப் பார்த்தது. மின்னணுக் கருவிகள் வந்தபோது பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒட்டவில்லை.

வீட்டில் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்குக் கணக்கு எளியது. கண்ணாடி உருண்டை குவிக்கும் இடம் அதன் மையத்திலிருந்து ஆரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் இருக்கும். 10 செ.மீ. விட்டமுள்ள உருண்டைக்கு மையத்திலிருந்து 7.5 செ.மீ., கண்ணாடிப் பரப்பிலிருந்து 2.5 செ.மீ. அந்த வளைவில் அட்டையை வைத்தால் கருகல் கோடு மணிக்கு ஏறத்தாழ 2 செ.மீ. ஓடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைத் துழாவுகிறவர்களுக்குக் கனமான கண்ணாடி உருண்டை அகப்பட்டால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் உருண்டை அடிக் குடுவையில் தண்ணீரை நிரப்பி, ரப்பர் தக்கையால் அடைத்துக்கொள்ளலாம். தண்ணீர் கண்ணாடியைவிடக் குறைவாக ஒளியை வளைப்பதால் குவியம் ஆரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளிப் போகும். குவிந்த புள்ளி பெரிதாகிச் சூட்டின் செறிவு பாதிக்குச் சற்று மேல்தான் நிற்கும். காலை வெயிலில் அது அட்டையைக் கருக்காது.

நம் அட்சரேகை இதில் ஒரு குறுக்குக் கேள்வி போடுகிறது. காரைக்குடி வடக்கே சுமார் 10 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 16ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 26ஐ ஒட்டியும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது குவிபுள்ளி உருண்டைக்கு நேர் கீழே விழும். இங்கிலாந்து மாதிரியில் உருண்டையைத் தாங்கும் கால் அதே இடத்தில்தான் இருக்கிறது! அதனால்தான் வெப்ப மண்டலத்துக்கென்று செய்த மாதிரியில் உருண்டையைப் பக்கவாட்டில் பிடித்திருப்பார்கள். வீட்டில் செய்கிறவர்களும் வடக்கிலும் தெற்கிலும் இருந்து பிடிக்க வேண்டும். குடுவையானால் கழுத்தை வடக்குப் பார்த்துச் சாய்த்துவிடலாம்; சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே சாயும் மாதங்களிலும் அந்தக் கழுத்துவரை இறங்கி வராது. இன்னொன்றும் உண்டு: கீற்றுக் கொட்டகை, வைக்கோல் போர் பக்கத்தில் கண்ணாடி உருண்டையை வெயிலில் வைக்கவே கூடாது. வேலை முடிந்ததும் துணி போட்டு மூடி வைக்க வேண்டும். அட்டையைக் கருக்குகிற பொருள் ஓலையையும் கருக்கும்.

தீயே வேண்டாம் என்பவர்களுக்கு ஜோர்டன் வழி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜோர்டன் என்பவர் பெயரால் பரவிய இந்தக் கருவி, ஒளிபுகாத உருளைக்குள் ஒரு சிறு துளை வழியாக வெயிலை விட்டு, உள்ளே சுருட்டி வைத்த ஒளியுணர் தாளில் கோடு போடச் செய்தது. தாள், கட்டட வரைபடங்களுக்கு ஒரு காலத்தில் பயன்பட்ட நீலப்படத் தாள் வகை. ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்ட முறை அது: இரும்பின் அம்மோனியம் சிட்ரேட் உப்பையும் பொட்டாசியம் ஃபெரிசயனைடையும் கரைத்துத் தாளில் பூசி இருட்டில் உலர்த்த வேண்டும். வெயில் பட்ட இடம் நீலமாகும், மற்ற இடம் தண்ணீரில் அலசினால் போய்விடும். இரண்டு ரசாயனமும் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கிடைப்பவை.

பிளம்பிங் கடையில் வாங்கும் பிவிசி குழாய் இதற்குப் போதும். குழாயின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். அதாவது வடக்கு நோக்கி 10 பாகை தூக்கி வைக்க வேண்டும். ஒரு மீட்டர் பலகையின் வடக்கு நுனியை 17.5 செ.மீ. உயர்த்தினால் அந்தச் சாய்வு வந்துவிடும். லண்டனில் இதே குழாய் ஐம்பது பாகைக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். காரைக்குடியில் ஏறக்குறையப் படுத்துக்கொள்கிறது. உள்விட்டம் 10 செ.மீ. இருக்கிற குழாயில் ஒளிப்புள்ளி மணிக்கு 2.6 செ.மீ. நகரும். ஒரே துளை இருந்தால் காலையிலும் மாலையிலும் கதிர் சரிந்து விழுந்து உள்ளே நுழையாமல் போகும். ஆகவே காலைக்கு ஒரு அறை, மாலைக்கு ஒரு அறை என்று இரண்டாகச் செய்ய வேண்டும். தாள் நீல நிறத்துக்கும் புற ஊதாவுக்கும் அதிகமாக மசியும். சூரியன் தாழ்ந்து சிவக்கும் நேரத்தில் கோடு வெளுத்துவிடும். ஆனாலும் ஐந்தாறு நாள் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்துப் பார்ப்பதில் கிடைக்கும் திருப்தியை எந்த எஸ்.டி. கார்டும் தராது. பள்ளிக்கூடத்துக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

இந்த ரசாயனப் பேச்சுக்குக் காரைக்குடி அந்நிய இடமல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்த ஊருக்கு வந்தது. 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல், சூரியனுக்குப் பொங்கலிடும் நாள்களில், ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பேட்டரி, துரு, மின்முலாம் என்று அறியப்பட்ட அந்த நிலையத்தில் காட்மியம் சேர்மங்களை மின்னால் படியவைத்து ஒளிமின்கலம் செய்யும் ஆராய்ச்சியும் நடந்தது. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒளிமின்தடை, எல்டிஆர் என்று சொல்வார்களே, அதன் உள்ளே பாம்பாக நெளியும் கோடும் அந்தக் குடும்பத்துப் பொருள்தான்: காட்மியம் சல்ஃபைடு.

மின்சாரக் கருவிகள் வேறு பாதையில் வந்தன. அமெரிக்க வானிலைத் துறை நெடுங்காலம் பயன்படுத்திய மார்வின் கருவியில் ஒரு கரிய குமிழ் சூடாகிப் பாதரசத்தைத் தள்ளி மின்சுற்றை மூடும். பாதரசம் நகர நேரம் எடுக்கும் என்பது அதன் பலவீனம். 1953இல் வந்த ஃபாஸ்டர் சுவிட்ச் கேள்வியையே மாற்றிப் போட்டது. ஒரே மாதிரியான இரண்டு செலினிய ஒளிக்கலங்கள். ஒன்றின் மீது வெயில் படும், மற்றொன்று ஒரு மறைப்பின் நிழலில் இருக்கும். இரண்டுக்கும் இடையே போதிய வித்தியாசம் இருந்தால் வெயில் என்று பதிவு. இன்றைய விலையுயர்ந்த கருவிகளும் இதே கொள்கையில்தான் நிற்கின்றன. டச்சு நிறுவனமான கிப் அண்டு சோனனின் கருவியில் ஃபோட்டோடையோடு என்ற ஒளியுணரிகள் மூன்று வானத்தின் வெவ்வேறு பகுதிகளைப் பார்த்து ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.

இப்போது வீட்டுக்கு வருவோம். ஒரு சென்சாரை டப்பாவில் ஒட்டி, அர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் இணைத்து, இந்த எண்ணுக்கு மேல் போனால் வெயில் என்று எழுதிவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. இது சறுக்குவதற்குக் காரணங்கள் பல. முதலாவது சென்சாரிலேயே இருக்கிறது. பிஎச்1750 என்ற மலிவான லக்ஸ் சென்சார் வழக்கமான அமைப்பில் 54,612 லக்ஸ் வரைதான் எண்ணும். நடுப்பகல் வெயில் ஒரு லட்சத்தைத் தாண்டும். ஆகவே காலை பத்து மணிக்கெல்லாம் அது உச்சியில் முட்டிக்கொண்டு, மேகம் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும். எல்டிஆர் இன்னும் மோசம். பிரகாசத்தில் அதன் மின்தடை சரிந்துபோய் வேறுபாடே தெரியாது, வெயிலில் கிடந்து சீக்கிரம் முதுமையும் அடையும்.

சின்ன சோலார் பலகையை மல்டிமீட்டரோடு இணைத்து வோல்டைப் பார்ப்பது இன்னொரு பழக்கம். சுமை இல்லாத பலகையின் வோல்ட் வெளிச்சத்தோடு மடக்கை விதிப்படிதான் ஏறும். மேகத்தடியிலும் கிட்டத்தட்ட அதே எண். பலகையை 1 ஓம் மின்தடையால் குறுக்கிணைத்து அதில் ஓடும் மின்னோட்டத்தைப் பார்க்க வேண்டும். அதுதான் வெளிச்சத்துக்கு நேர் விகிதத்தில் ஏறி இறங்கும். 100 மில்லிஆம்பியர் ஓடினால் 100 மில்லிவோல்ட். அர்டுயினோவின் உள் அளவுகோலான 1.1 வோல்ட்டில் அதைப் படிக்கலாம். அர்டுயினோவுக்குப் பதில் இஎஸ்பி32 சில்லு வைத்திருப்பவர்கள் தனியாக ஒரு அனலாக் படிப்பான் வாங்கிக்கொள்வது நல்லது. அதன் உள்ளே இருப்பது இரண்டு ஓரங்களிலும் பொய் சொல்லும்.

இவை எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் ஒரு கோளாறு தீராது. மார்ச் மாதம் காலை ஏழு மணிக்கு, மேகமே இல்லாத வானத்தில், சூரியன் பத்து பாகைக்கும் கீழே இருக்கும்போது கிடைமட்டத் தளத்தில் விழும் மொத்த ஒளி சதுர மீட்டருக்கு 100 வாட் அளவுதான். அதே நாள் நடுப்பகலில் மேகம் மூடியிருந்தாலும் 200, 300 வாட் வெளிச்சம் பரவியிருக்கும். எந்த ஒற்றை எல்லையை வைத்தாலும் காலை வெயிலை இழக்க வேண்டும், அல்லது நடுப்பகல் மேகத்தை வெயில் என்று ஏற்க வேண்டும். சூரியன் ஓரமாகத் தெரியும்போது பக்கத்து வெள்ளை மேகம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், மேகம் உள்ள நிமிடம் தெளிந்த வானத்தைவிடக் கூடுதல் ஒளி காட்டுவதும் உண்டு. ஒற்றை சென்சார், ஒற்றை எல்லை என்ற வழியை அடியோடு விட்டுவிட வேண்டும் என்பதே என் முடிவு. நிமிடத்துக்கு நிமிடம் சூரியனின் உயரத்தைக் கணக்கிட்டு எல்லையையும் நகர்த்தலாம்தான். ஆனால் அதைவிடச் சுலபமான வழி ஃபாஸ்டர் காட்டிய நிழல் வழி.

ஒரு கம்பத்தைச் சுற்றிலும் ஏழெட்டு ஃபோட்டோடையோடுகளை வெளிப்பக்கம் பார்க்க வைத்து, மிகப் பிரகாசமானதிலிருந்து மிக மங்கலானதைக் கழித்தால் நேர்க்கதிருக்கு ஓர் அளவு கிடைக்கும். சூரியன் தெரியும்போது ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல், வித்தியாசம் பெரிது. மேகம் மூடினால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. பிபிடபிள்யூ34 போன்ற டையோடுகள் போதும். இந்தச் செய்முறையை ஐரோப்பாவில் இருப்பவர் எழுதினால் கம்பத்தைச் செங்குத்தாக நட்டுவிடுவார். அங்கே அது வேலை செய்யும். காரைக்குடியில் மார்ச் 21 முதல் மே 20 வரைக்கும், பிறகு ஜூலை 24 முதல் செப்டம்பர் 23 வரைக்கும் நடுப்பகல் சூரியன் உச்சியிலிருந்து பத்து பாகைக்குள்ளேயே நிற்கிறது. செங்குத்துக் கம்பத்துக்கு அந்நேரம் நிழலே விழாது. எட்டு டையோடும் ஒரே எண்ணைச் சொல்ல, கொளுத்தும் சித்திரை நடுப்பகலைக் கருவி மேகமூட்டம் என்று பதிந்துவிடும். ஆண்டில் நான்கு மாதம் இந்தக் கூத்து.

மாற்று வழி ஜோர்டன் குழாயிலேயே இருக்கிறது. கம்பத்தைப் படுக்கவைத்து, வடக்கு நுனியைப் பத்து பாகை தூக்கிவிட்டால் ஆண்டு முழுவதும் சூரியன் அதன் பக்கவாட்டில்தான் வரும். அச்சுக்குச் செங்குத்தான தளத்திலிருந்து அதிகபட்சம் 23.4 பாகை வடக்கிலோ தெற்கிலோ விலகும், அவ்வளவே. குழாயின் மேற்பாதியில் கிழக்கிலிருந்து மேற்காக ஏழு டையோடுகளை வரிசையாகப் பொருத்தினால், காலையில் கிழக்கே ஒன்று எரியும்போது மேற்கே ஒன்று நிழலில் இருக்கும். நடுப்பகலில் உச்சியில் உள்ளது எரியும், இரு ஓரங்களும் மங்கும். ஒவ்வொரு டையோடின் மேலும் பிளம்பர் சுற்றும் டெஃப்லான் டேப்பை நாலைந்து மடிப்பு வைத்தால் ஒளி சீராகப் பரவும். பலர் பிங்பாங் பந்தைப் பாதியாக வெட்டி மூடுகிறார்கள். ஒரு கோடையில் அது மஞ்சளாகிவிடும்.

இன்னும் துல்லியம் தேவைப்படுகிறவர்கள் சென்சாரை அசைக்காமல் நிழலை அசைக்கிறார்கள். ஒரு மெல்லிய பட்டையை மோட்டார் நிமிடத்துக்கு ஒருமுறை சென்சாருக்கு மேலே சுழற்றும். பட்டையின் நிழல் சென்சாரைக் கடக்கும் நொடியில் எண் சட்டென்று இறங்கினால் அந்த இறக்கமே நேர்க்கதிர். சூரிய ஆற்றல் ஆய்வில் இதைத் தொழில்முறையாகவே பயன்படுத்துகிறார்கள். வீட்டில் எஸ்ஜி90 என்ற சிறு சர்வோ மோட்டாரை வைத்துச் செய்யலாம். ஆனால் அதன் பிளாஸ்டிக் பற்சக்கரம் மாடி வெயிலுக்கும் செம்மண் புழுதிக்கும் தாங்காது. அசையும் பாகம் எதுவுமே இல்லாத கருவிதான் ஐப்பசி மழையைத் தாண்டி நிற்கும். பழைய கைபேசியின் கேமராவை ஒரு குச்சியின் நிழல் விழும் வெள்ளைப் பலகையைப் பார்க்க வைத்து, நிழலுக்கும் வெளிக்கும் உள்ள மாறுபாட்டைக் கணக்கிடுவது அழகான யோசனை. கைபேசி சூடேறி அணைந்துவிடுவது மட்டும்தான் சிக்கல்.

எதுவும் செய்யாமலே வெயில் பதிவு வைத்திருக்கிற வீடுகளும் இப்போது பெருகிவிட்டன. மாடியில் சோலார் போட்டவர்களின் இன்வெர்ட்டர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உற்பத்தியை எழுதிக்கொண்டே இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் என்றானதும் இது வேகம் பிடித்தது. அந்த வரைகோட்டில் மேகம் கடந்த ஒவ்வொரு நிமிடமும் பள்ளமாகத் தெரியும். ஆனால் அதில் பலகையின் தூசும் சூடும் கலந்திருக்கின்றன. பலகை சூடாக ஆக, டிகிரிக்கு அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக உற்பத்தி இறங்கும். வெயில் மணிக்கணக்குக்கு அதை ஒப்பீட்டு ஆவணமாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வைத்துக்கொள்ள முடியாது.

கருவியை எங்கே வைப்பது? செட்டிநாட்டு வீட்டின் நடுமுற்றம் கண்ணுக்கு முதலில் படும் இடம். வளவின் தூண் நிழல் தரையில் நகர்வதைப் பார்த்தே நேரம் சொன்ன ஆச்சிமார் இருந்தார்கள். ஆனால் முற்றத்தின் அகலமும் சுவரின் உயரமும் சமமாக இருந்தால், சூரியன் 45 பாகை ஏறிய பிறகே எதிர்ச்சுவரின் அடியை வெயில் தொடும். சம இரவு நாள்களில் அது காலை ஒன்பதேகால் வாக்கில். மாலையிலும் அதே அளவு இழப்பு. பாதி நாளை முற்றம் விழுங்கிவிடும். மொட்டை மாடிதான் வழி. அங்கேயும் சின்டெக்ஸ் டேங்கும் கைப்பிடிச் சுவரும் இருக்கின்றன. சூரியன் ஏறத்தாழ 3 பாகை ஏறியதும் 120 வாட் எல்லையைக் கடந்துவிடும். பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் எந்தப் பொருளும் சென்சாரைவிட அரை மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது. காகம் உட்காராதபடி நாலு கம்பி நிமிர்த்தி வைக்க வேண்டும்; இதை எந்தச் செய்முறையும் சொல்வதில்லை.

நேரமும் கவனிக்க வேண்டியது. இந்திய நேரம் கிழக்கே 82.5 பாகைக்கானது. காரைக்குடி 78.8 பாகையில் இருப்பதால் இங்கே சூரியன் சராசரியாக 15 நிமிடம் தாமதம். இதோடு பூமியின் ஓட்டம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இல்லாததும் சேர்ந்து, பிப்ரவரி நடுவில் உச்சிப் பொழுது 12.29க்கும் நவம்பர் தொடக்கத்தில் 11.59 வாக்கிலும் வரும். இது தெரியாமல் 'நடுப்பகல் 12 மணி' என்று நிரல் எழுதுகிறவர் கருவி கோணலாக இருப்பதாக நினைத்துத் திருப்பிக்கொண்டே இருப்பார். டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லு ஆண்டுக்கு ஒரு நிமிட அளவுக்குத்தான் பிசகும். மலிவான டிஎஸ்1307 வெப்பத்தோடு ஓட்டம் மாறுவது, மாடிக்கு ஆகாது.

எல்லையைத் திருத்த லட்ச ரூபாய்க் கருவி வேண்டாம். துண்டு மேகம் ஓடும் நாளில் ஒரு குச்சியை நட்டு, நிழல் தெரிகிற நேரம், மறைகிற நேரம் இரண்டையும் நோட்டில் குறித்துக்கொண்டு, கருவியின் எண்களோடு பொருத்திப் பார்த்தால் போதும். துடைத்துவிட்ட வானமுள்ள நாளில் இன்னொரு சோதனை. காரைக்குடியின் நீளமான பகல் சுமார் 12 மணி 43 நிமிடம், குறுகிய பகல் சுமார் 11 மணி 32 நிமிடம். இரண்டு ஓரத்திலும் பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம் போக மிச்சமெல்லாம் வெயிலாகப் பதிவாக வேண்டும். அப்படிப் பதியாவிட்டால் எல்லை தப்பு, அல்லது எங்கோ ஒரு மரம் மறைக்கிறது.

இந்த மணிக்கணக்கை வைத்து என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு ஆங்ஸ்ட்ராம் என்ற வானிலை ஆய்வாளர் 1924இலேயே பதில் சொன்னார். பிரெஸ்காட் என்பவர் 1940இல் அதைத் திருத்தினார். வெயில் மணி தெரிந்தால் தரைக்கு வந்த ஆற்றலை மதிப்பிடலாம். உள்ளூர் எண்கள் இல்லாத இடத்துக்கு ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு தரும் வழி: வளிமண்டலத்துக்கு வெளியே கிடைக்கும் ஆற்றலில் கால் பங்கு, அதோடு வெயில் பங்கின் பாதியைச் சேர்த்த பங்கு. மார்ச்சில் நம் அட்சரேகைக்கு வெளியே கிடைப்பது நாளுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 37 மெகாஜூல். 12 மணிப் பகலில் 8 மணி வெயில் என்றால் சுமார் 21.6 மெகாஜூல், அதாவது 6 யூனிட். ஊருணியிலிருந்து எவ்வளவு நீர் ஆவியாகும், வயலுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்ற கணக்குகளும் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகின்றன.

இந்தியாவில் இந்தக் கணக்கை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் அன்னா மணி. பீர்மேட்டில் 1918இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தவர். 1948இல் புனே வானிலைத் துறையில் சேர்ந்தபோது பெரும்பாலான கருவிகள் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தன. நூறை ஒட்டிய கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து உள்நாட்டிலேயே செய்ய வைத்தார். 1957–58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி நாடெங்கும் சூரியக் கதிர்வீச்சு நிலையங்களை அமைத்தார். 1980இல் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுக் கையேட்டை வெளியிட்டார். 2011 வாக்கில், சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும், இன்று தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் என்று பெயர் மாறிய மையம், முதல் கட்டமாக 51 தானியங்கி நிலையங்களை நாடெங்கும் நிறுவியது. அந்த நிலையங்களில் சூரியனைத் தொடர்ந்து திரும்பும் மேடையில் ஒரு சின்னப் பந்து சுற்றிவந்து ஒரு சென்சாரின் மீது எப்போதும் நிழல் போட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்துச் சென்சாருக்கு முழு வெயில். ஃபாஸ்டரின் இரண்டு கலங்கள்தான், உடுப்பு மட்டும் வேறு.

வீட்டுக் கருவி செய்கிறவர் கடைசியாகத் தீர்மானிக்க வேண்டியது எதைச் சேமிப்பது என்பது. 'வெயில், வெயில் இல்லை' என்ற தீர்ப்பை மட்டும் எழுதிவைக்கிறவர்கள் பிறகு வருந்துவார்கள். ஏழு டையோடின் எண்களையும் நிமிடத்துக்கு ஒரு வரியாக அப்படியே எழுத வேண்டும். ஆண்டுக்கு 5,25,600 வரி. வரிக்கு நாற்பது எழுத்து என்றாலும் சுமார் 21 மெகாபைட்தான், மிகச் சின்ன மெமரி கார்டிலேயே பல ஆண்டு அடங்கும். எல்லையை நாளை மாற்றிக்கொள்ளலாம், பழைய மாதங்களையும் புதிய எல்லையில் திரும்ப எண்ணலாம். கேம்பல்–ஸ்டோக்ஸ் அட்டைகளைத் தூக்கிப் போடாமல் கட்டி வைத்த நிலையங்களுக்கு இந்த வசதி தற்செயலாக வாய்த்தது: கருகலின் நீளத்தை மட்டும் அன்று படித்தார்கள், இப்போது அதே அட்டைகளை ஸ்கேன் செய்து கருகலின் அகலத்திலிருந்து அன்றைய வெயிலின் வலிமையையும் கணக்கிடுகிறார்கள்.